டிக்கி நைனா வைத்த முட்டு

உலகத்தைத் தாங்குகிறவர் ஏழுமலைக்கு மேலே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மலையின் அடிவாரத்தில், திருப்பதியில் எங்கள் தெருவில், ஓர் அம்பாசிடர் காரின் டிக்கி மூடியைத் தாங்குவதற்கென்றே பிறவி எடுத்த ஒருவர் இருந்தார் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. மேலே இருப்பவருக்குத் தினமும் கணக்கில்லாத கூட்டம். இவருக்கு நான், தெருமுனை மெக்கானிக், எதிர்வீட்டுப் பசு, ஆக மூன்று பேர். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டிக்கி நைனா.

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் அப்பாவை நைனா என்பார்கள். அப்பா வயதில் யாரைப் பார்த்தாலும் நைனா என்பார்கள். இவர் குடிபாலாவிலிருந்து திருப்பதிக்குப் பிழைக்க வந்தவர். வரும்போது ஒரு மனைவியையும் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டில் யாருக்கு அவர் அதிகம் பயந்தார் என்று சொல்வது கஷ்டம். பிற்பாடு அந்தக் காரை யாரும் பயணத்துக்குக் கூப்பிட்டதில்லை, போட்டோவுக்குத்தான் கூப்பிட்டார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் அதன்மேல் சாய்ந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். வானத்தில் என்ன இருக்கிறது என்று நைனாவும் எட்டிப் பார்ப்பார்.

வண்டிக்கு வயதானதில் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. மூடியைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் நேராகப் பிடரியில் விழும். அதனால் நைனா எதையாவது முட்டுக் கொடுத்து நிறுத்துவார். அரை மணி நேர வேலை, புது ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். நைனாவுக்கு அதைக் கேட்டாலே மூக்கு சிவந்துவிடும்.

"ஸ்பிரிங்குக்கு இன்னாடா தெரியும்? அது பாட்டுக்குத் தூக்கிகினு நிக்கும். முட்டுன்னா மூளை வோணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, ரோடு எந்தப் பக்கம் சாய்ஞ்சிகினு கீது, எல்லாம் பாக்கணும். நீ போயி உன் ஸ்பானரக் கய்வு, போ."

அவர் கணக்குப்படி நல்ல முட்டு என்பது இரண்டு முழமும் நாலு விரலும். இந்த அளவில் கண்ணில் படும் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. துடைப்பக்கட்டை, உலக்கை, சப்பாத்திக் கட்டையைக் கரண்டிக்காம்போடு சேர்த்துக் கட்டிய ஒரு புதுப் படைப்பு, எல்லாம் அந்த மூடியின் கீழே நின்றிருக்கின்றன. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி, மூடியின் கம்பியில் கவ்வ வைத்து ஒன்று செய்தார். அது உண்மையிலேயே பிரமாதமாக வேலை செய்தது. நான்கே நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஏன் நைனா என்று கேட்டேன்.

"அதுல இன்னா பாபு கீது? மாட்டினா நிக்குது," என்றார் சலிப்போடு.

ஆட்களைப் பார்த்தாலும் அவர் கண் அளவுதான் எடுக்கும். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்த அன்று இனிப்பு கொடுக்கப் போனேன். மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல பையன்தான். உயரம்தான் ஜாஸ்தி. முட்டி போட்டா செரியா இருப்ப," என்றார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருமுறை பாலசமுத்திரத்திலிருந்து அவருடைய மச்சான் கால் ஒடிந்து, இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வாசற்படி ஏறுவதற்குள் ஒரு கட்டை டிக்கிக்குப் போய்விட்டது. "யோவ் மாமா! நான் எப்டியா நடக்கறது?" என்று மனிதர் ஒற்றைக்காலில் கத்துகிறார். நைனா கொஞ்சமும் அசையவில்லை. "ஒடஞ்சது ஒரு காலுதானே? அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு கட்ட?" மச்சான் மூன்று நாள் தங்குவதாக வந்தவர். அன்று மாலை பஸ்ஸுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சங்கராந்தி சமயத்தில் நடந்தது இன்னும் விசேஷம். பண்டிகை போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு கரும்பையே முட்டாக வைத்தார். எதிர்வீட்டுப் பசு மெல்ல வந்து, அடியிலிருந்து ஆரம்பித்து, ரசித்துத் தின்றது. மூடி ஒவ்வொரு அங்குலமாகக் கீழே இறங்கியது. டிக்கியில் உட்கார்ந்து காதலோடு பார்த்துக்கொண்டிருந்த ஜோடி மெதுவாகக் குனிந்து, மேலும் குனிந்து, கடைசியில் மூடிக்குள்ளேயே போய்விட்டது. போட்டோக்காரர் இது ஏதோ புது மாதிரி போஸ் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்.

"நைனா முட்டு சறுக்கிட்சா?" என்று மெக்கானிக் கேட்டதுதான் தாமதம், நைனா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "யார்ரா சறுக்கிட்சின்னு சொன்னது? பசு துன்ட்சி! துன்றது வேற, சறுக்கறது வேற. நான் வெச்ச முட்டு இதுவரிக்கும் ஒருவாட்டி சறுக்கினது கிடியாது. எவனையாவது கேட்டுப் பாரு!"

யாரைக் கேட்பது? ஆனால் யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். முட்டாக வைத்ததைப் பசு தின்றிருக்கிறது, மனைவி பெருக்குவதற்கு உருவிக்கொண்டு போயிருக்கிறாள், மச்சான் ஊர்ந்து வந்து திரும்பப் பிடுங்க முயன்றிருக்கிறார். தானாகச் சறுக்கியதில்லை. அந்த மனிதருக்கு வீடு வாசல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இந்த ஒரு பெருமைதான் அவருடைய சொத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் சித்தூர். என் அப்பா கோயிலில் தீர்த்த கைங்கர்யம் செய்பவர். எங்கள் பக்கத்தில் எல்லாமே சாஸ்திரப்படி நடக்க வேண்டும். மாப்பிள்ளை அம்பாசிடரில்தான் போகவேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. நைனாதான் சொன்னார். மறுக்க முடியவில்லை. என்னை, அப்பாவை, அம்மாவை, பன்னிரண்டு சீர்வரிசைத் தட்டை, ஸ்டெப்னியை எல்லாம் ஏற்றிக்கொண்டு வண்டி முதல் நாளே சித்தூர் மண்டப வாசலில் போய் நின்றது. அன்றைய முட்டு, வளைந்த கைப்பிடி வைத்த நீளமான கறுப்புக் குடை. கல்யாணத்துக்கென்று நைனா விசேஷமாகக் கொண்டுவந்தது.

மறுநாள் காலையிலும் டிக்கி திறந்தே இருந்தது. தட்டுகளை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார்கள். அம்மாவுக்குக் கவலை. "நைனா, திருமாங்கல்யப் பெட்டி உள்ள இருக்கு. மூடிடுங்கோளேன்."

"மூடினாத்தான்மா திருடனுக்கு டவுட்டு வரும். தொறந்து வெச்சா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான்," என்று நைனா விளக்கினார். அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. திருமாங்கல்யப் பெட்டியை ஸ்டெப்னியின் நடுக்குழியில் வைத்து, மேலே ஒரு கந்தல் துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். டிக்கி சாவி வழக்கப்படி டிக்கிக்குள்ளேயே ஓர் ஆணியில் தொங்கியது. மூடி திறந்திருக்கும்வரை சாவி அங்கேதான் இருக்கவேண்டும் என்பது நைனாவின் சட்டம். அந்தப் பூட்டு மூடி விழுந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

காசி யாத்திரை ஆரம்பித்தது. மாப்பிள்ளை எனக்குச் சம்சாரமே வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று குடையும் தடியுமாகக் கிளம்ப, பெண்ணின் அப்பா தேங்காயோடு ஓடிவந்து என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சுவது. என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே பழைய மாணவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள்.

மைத்துனன் குடையை நீட்டினான். பட்டனை அமுக்கினால் விரியும் மூன்று மடிப்புக் குடை, பூப் போட்டது. கல்யாணம் செய்துவைக்க வந்த வாத்தியார் அதை வாங்கிப் பார்த்தார்.

"இதை எடுத்துண்டு காசிக்கா? ரேணிகுண்டா வரைக்கும்கூடத் தாங்காதே. நீளக் குடை இல்லையா? போய்ப் பாருங்கோ, நாழியாறது!"

எல்லோரும் திரும்பி, உள்ளே ஓடிய மைத்துனனைப் பார்த்தார்கள். நான் பஞ்சகச்சமும் கண்மையுமாக மண்டப வாசலில் நிற்கிறேன். பக்கத்தில் அம்பாசிடர். டிக்கியில் நீளமான கறுப்புக் குடை. அந்த நேரத்தில் எனக்கு அது குடையாகத்தான் தெரிந்தது. உருவினேன். மூடி விழுந்த சத்தத்தை நாதஸ்வரம் விழுங்கிவிட்டது. "இதோ கிடைச்சுடுத்து!" என்றேன். வாத்தியார் மகிழ்ந்தார். நைனா திறந்துகொள்வார் என்று நினைத்துக்கொண்டே நான் காசிக்குப் போனேன், பத்தடி தூரத்தில் மாமனார் கெஞ்சினார், திரும்பி வந்தேன். மாலை மாற்றினோம், ஊஞ்சல் ஆடினோம். குடை சம்பிரதாயப்படி வாத்தியாரின் பைக்குப் போய்விட்டது. நைனா அத்தனை நேரமும் பந்தியில் மூன்றாவது பொங்கலில் இருந்தார்.

"திருமாங்கல்யம் எங்கே?" என்று வாத்தியார் கேட்டபோது லக்னம் முடிய இருபது நிமிடம் இருந்தது.

அம்மா டிக்கிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் மண்டபமே காரைச் சுற்றி நின்றது. மாமனாரின் தம்பி எங்கிருந்தோ கடப்பாரையோடு வந்துவிட்டார். நைனா எச்சில் கையோடு ஓடிவந்து கடப்பாரைக்கு முன்னால் நின்றார். "சாமி சாமி, ஒத்து, வோணாம்! முகூர்த்த நேரத்துல ஒடைக்கிற சத்தம் கேக்கலாமா?"

"எந்த மடையன் இதை மூடினது?" மாமனார் வகுப்பறைக் குரலில் கேட்டார். "அவன் எவனானாலும் சரி, இந்தக் கல்யாணத்துல அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

மாலையும் கண்மையுமாக நான் நடுவில் நிற்கிறேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நைனா டிக்கியைப் பார்த்தார். வாத்தியாரின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வளைந்த கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அளவெடுக்கிற அதே பார்வை.

"நான்தான் சாமி," என்றார். "நான் வெச்ச முட்டு சறுக்கிட்சி."

வேறு யாருக்கும் அது ஒரு பெரிய வாக்கியமில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது. மாமனார் அவரைத் திட்டிய திட்டில் சித்தூரின் பாதி மாணவர்கள் பழைய ஞாபகத்தில் கைகட்டி நின்றார்கள். நைனா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே காரின் பின்சீட்டைப் பெயர்த்து வெளியே வைத்தார். பின்னாலிருந்த அட்டையைக் கிழித்தார். முதலில் தலை போயிற்று, பிறகு தொந்தி. அது போகாமல் நின்றது. மூன்றாவது பொங்கல். நானும் கடப்பாரைக்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தள்ளினோம். உள்ளே டமடமவென்று சத்தம். "இருட்டா கீது பாபு... செல்லுல லைட் அடி... ஹான்!"

பூட்டின் கொக்கியை உள்ளிருந்தே தட்டிவிட்டிருக்கிறார், மூடி மெல்ல எழுந்தது. முதலில் வழுக்கைத் தலை, அதன்மேல் மூடி. டிக்கிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நைனா தலையால் மூடியைத் தாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் திருமாங்கல்யப் பெட்டியை நீட்டினார். உட்கார்ந்தபடி அவர் உயரம் இரண்டு முழமும் நாலு விரலும். கச்சிதமாகப் பொருந்தியது.

"எடுத்துகினு ஓடுங்க! தட்டெல்லாம் எடுக்கணும்னா எடுத்துக்கோங்க, நான் இப்டியே புட்ச்சிகினு கீறேன்!"

லக்னம் முடிய நாலு நிமிடம் இருக்கையில் தாலி கட்டினேன். கெட்டிமேளம் முழங்கியபோது மண்டப வாசல் வழியாக என் கண் வெளியே போயிற்று. தட்டுகள் இன்னும் உள்ளே இருந்ததால் நைனா அசையாமல் இருந்தார். யாரோ கையில் கொடுத்த அட்சதையை அங்கிருந்தே எங்கள் திசையில் வீசினார். அது எதிரே போன ஆட்டோக்காரர் மேல் விழுந்தது.

சாப்பாடு ஆனதும் ஒரு டம்ளர் பாயசத்தோடு அவரிடம் போனேன். "நைனா, குடையை உருவினது நான். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பாயசத்தை நிதானமாகக் குடித்துவிட்டுச் சொன்னார். "நான் அந்த வூட்டுக்கு இன்னொருவாட்டி போவப்போறனா? நீ ஆடின்னு போவணும், தீவாளின்னு போவணும். எனக்கு ஒரு நாளு பேச்சு. உனக்கு ஜென்மத்துக்கும் பேச்சு. போ, பொண்ணு தனியா ஒக்காந்துகினு கீது."

ஆனால் அவருக்கும் அது ஒரு நாள் பேச்சாக முடியவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் திருப்பதி போய்ச் சேர்ந்திருந்தது. "இன்னா நைனா, சறுக்கிட்சாமே?" என்று மெக்கானிக் கேட்டான். வேட்டியை மடித்துக் கட்டாமல் நைனா உள்ளே போனதை அன்றுதான் பார்த்தேன். மாமனாரும் ஒவ்வொரு விசேஷத்திலும் டிரைவரின் முட்டு சறுக்கிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

நைனா இப்போது வண்டியோடு குடிபாலாவில் மகள் வீட்டில் இருக்கிறார். மாமனார் நான் எழுதும் இந்த வாரப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். தெருமுனை மெக்கானிக் கடையிலும் வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த வாரம் எழுதினேன். குடையை உருவிய மடையன் நான். இந்தத் தீபாவளிக்கு என் மூஞ்சியில் முழிப்பதும் முழிக்காததும் மாமாவின் இஷ்டம். நைனா வைத்த முட்டு ஒருநாளும் சறுக்கியதில்லை.