பதினோரு நிமிடம்

"பட்டியல் வராம இன்னும் சுத்திக்கினே இருக்குதும்மா," என்றாள் கவுண்டரிலிருந்து ஜாக்லின்.

கணினிப் பொறுப்பிலிருந்த சுடர்விழி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு நிமிடம். பிரெஞ்சு அரசின் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதற்குத் தரும் ஆயுள் சான்றுகளை வாங்கி அனுப்பும் அந்த அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வந்த சான்றுகள் வேண்டும் என்று கேட்டால் போதும், கணினி லட்சக்கணக்கான பதிவுகளுக்குள் மூழ்கிவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நிமிஷத்துல பட்டியல் வரணும்," என்றார் மேலாளர் புருஷோத்தமன். "இல்லன்னா சென்னை கம்பெனிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் நீங்க எதுக்கு?"

அவளே அவ்வப்போது தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். அடுத்தவர் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது.

கணினி சட்டென்று தேடி எடுக்கத் தேதிக்கு இண்டெக்ஸ் போட்டாள். தன் மேசையில் போன மாதப் பட்டியலைக் கேட்டுப் பார்த்தாள். கண் இமைப்பதற்குள் வந்தது.

"இப்ப பாருங்க மதாம்!" என்று கவுண்டருக்குக் குரல் கொடுத்தாள்.

"அதே பதினொண்ணுதான். புதுசா பதியறதும் இப்ப மெதுவாயிடிச்சு."

மறுநாள் பதிவுகளை வருடவாரியாகப் பிரித்து வைத்தாள். அவள் மேசையில் பறந்தது. கவுண்டரில் பதினெட்டு நிமிடம்.

விடுவதாக இல்லை. வியாழக்கிழமை சர்வரையே நிறுத்தி நினைவகத்தைக் கூட்டினாள். வரிசை வாசலைத் தாண்டியது.

"உயிரோட இருக்கேன்னு சொல்லத்தாம்மா வந்தேன்," என்றார் பழைய சிப்பாய் ரோஜே. "இப்படியே நிக்க வச்சா அது பொய்யாயிடும்."

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவளுக்கு உறைத்தது. கவுண்டர் பத்தடி தூரம். இத்தனை நாளில் ஒருமுறைகூட அங்கே போய் நின்று பார்க்கவில்லை. போய்க் கேட்டால், ஒன்றும் தெரியாதவள் என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

எழுந்து போய் ஜாக்லினின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். புருஷோத்தமனும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எப்பவும் செய்யறமாதிரியே செய்யுங்க மதாம். எத்தனை நாள் பட்டியல் வேணும்?"

"நேத்து ஒரு நாள்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்குவேன்."

ஜாக்லின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொடக்கத் தேதிக்கான முதல் கட்டத்தில் நிதானமாக அடித்தாள்: 11-06-1966. அடுத்ததில் நேற்றைய தேதி.

சுடர்விழி திரையருகே குனிந்து அந்த வருடத்தை மறுபடி படித்தாள். புருஷோத்தமன்தான் கேட்டார்: "அது என்ன தேதி?"

"என் பிறந்த தேதி சார்," என்றாள் ஜாக்லின். "நம்ம ஆபீஸ்ல எந்த ஃபாரத்துலயும் முதல்ல அதைத்தானே கேக்கறாங்க? ஒரு நாள்கூட நான் தப்பா போட்டதில்ல!"