கறுப்புக் கண்ணாடியும் பால் புட்டியும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் மூக்கு மட்டும் நேற்றிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அத்தானின் முழங்கால் வலி தேவலையா? மற்றதை நீ உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

என் மகள், அதாவது உன் செல்ல மருமகள், அலுவலகத்தில் ஒருவனை மனதில் வைத்திருக்கிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன். யார் எவர் என்று கேட்டால் சிரிப்பாள். நேற்று அந்த அலுவலகமே குடும்பத்தோடு கடலோரக் கோட்டைக்குச் சுற்றுலா போனது. "அவரும் வர்றாருப்பா. மூஞ்சியைப் பாத்தாலே ஆளை எடை போட்டுடுவேன்னு சொல்வீங்களே, நீங்களே கண்டுபிடிங்க" என்றாள். கிடங்கு வாசலில் ஆயுசு முழுக்க ஆட்களைச் சோதனை போட்டு வெளியே விட்டவனிடமா இந்தச் சவால்! பேருந்தில் ஏறியதுமே பிடித்துவிட்டேன். முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன். இவள் பையை வாங்கி மேலே வைத்தான், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். காரணமில்லாமல் எவன் சிரிப்பான்?

கோட்டையில் இறங்கியதும் அவன் பின்னாலேயே போனேன். மதில்மேல் நின்று கடலைப் பார்க்காமல் கைப்பேசியில் "அழுதாளா? சாயந்தரம் வந்துடுவேன்மா" என்று கொஞ்சுகிறான், அழுதது யார், எவள், தோட்டத்துக்குள் போனான், நான் ரோஜாச் செடிக்குப் பின்னால் குனிந்தேன், குனிந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் குழாயைத் திறந்துவிட்டார், தலைமுதல் கால்வரை நனைந்தேன், முள் மாட்டிச் சட்டையும் கிழிந்தது. அப்போது ஓர் ஒல்லிப் பிள்ளை துண்டோடு ஓடி வந்தான். கணக்குப் பிரிவாம். அவனிடம் மனசு விட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அவரை நம்பக்கூடாதுங்கிறீங்களா சார்?"

"மூஞ்சியே சொல்லுதே தம்பி!"

"ஆமா சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெரியவர் பேச்சுக்கு இப்படி மரியாதை தருகிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

பிறகு கறுப்புக் கண்ணாடி தன் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் காவல் கோபுரம் ஏறினான். பழக்க தோஷம், என் கை சும்மா இருக்குமா? பையைப் பழைய சிறை அறைக்குள் கொண்டுபோய்த் திறந்தால், உள்ளே பால் புட்டி! கல்யாணமாகாதவனுக்குப் பால் புட்டி எதற்கு? நான் திகைத்து நிற்கும்போதே காவலாளி வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கம்பியைப் பிடித்துக் கத்தினேன். கூட்டம் என்னையும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துப் படம் எடுத்தது. சாவியோடு ஓடி வந்தது அந்த ஒல்லிப் பிள்ளைதான். பையைச் சத்தமில்லாமல் பெஞ்சில் வைத்ததும் அவன்தான். உன் மருமகள் எட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே இந்தக் கல்யாணம் நடக்காது. தாயில்லாத பெண், நான் ஏமாந்தால் அவள் வாழ்க்கையே போய்விடும் என்று பயமாக இருக்கிறது அக்கா. நீ வந்து புத்தி சொல். அப்படியே அந்த ஒல்லிப் பிள்ளையின் வீட்டாரைப் பற்றி விசாரி. மாப்பிள்ளை என்றால் அவன்தான் மாப்பிள்ளை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் மகளிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர். கறுப்புக் கண்ணாடி அவளுடைய மேலாளராம், வீட்டில் கைக்குழந்தையாம், புட்டி அதற்கு வாங்கியதாம். அவள் மனதில் இருப்பது அந்த ஒல்லிப் பிள்ளைதானாம். யோசித்துப் பார் அக்கா, நான் யாரென்று தெரிந்துகொண்டே நாள் முழுக்க "ஆமா சார்" போட்டிருக்கிறான்! எவ்வளவு அழுத்தக்காரன்! இவனை எப்படி நம்புவது? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறானாம். அதற்குள் புறப்பட்டு வா. வரும்போது எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வா.