மர்ஜுகிக்கு இல்லாத நொதி

இந்தோனேசியாவில் எங்கள் ஊரான பண்டெக்லாங்கில் மெலிஞ்சோ மரம் இல்லாத தெருவைக்கூடக் காட்டிவிடலாம். மூட்டுகளை வீங்கவைக்கும் யூரிக் அமிலம் பற்றி விளக்கும் அறிஞர் இல்லாத தெருவைக் காட்ட முடியாது. கையில் அந்த அமிலத்தை ஏற்றும் மெலிஞ்சோக் கொட்டை வறுவல், எதிரே அதற்குக் குறையாத ஆட்டுக்குடல் சூப், மடக்க முடியாத கால் ஒன்று பக்கத்து நாற்காலியில், வாயில் விஞ்ஞானம். இதுதான் அடையாளம். எதிர்வீட்டு மர்ஜுகி அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம்.

"யூரிக் அமிலத்தை உடைக்கிற நொதி நாய்க்கு இருக்கு, பூனைக்கு இருக்கு, எலிக்குக்கூட இருக்குப்பா! நம்ம முன்னோர்தான் குரங்கா இருந்தப்பவே தொலைச்சுட்டாங்க. இதுல என் தப்பு என்ன?"

"பூனைக்கு நொதி இருக்கு, சரி. அதுக்கு உங்க நாக்கு இருக்கா?" என்பார் அவர் மனைவி ரொகாயா, கிண்ணத்தை நகர்த்தியபடி.

ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து வெள்ளரிக்காயும் வெறுஞ்சோறும். எண் அழகாக வரும். அழகான எண்ணைக் கொண்டாட வேண்டாமா? கொண்டாடுவார்.

மகள் விவின் கல்யாணத்துக்கு முந்தின நாளும் எண் அழகாகத்தான் வந்தது. சமையல்காரர்களுக்குக் குடல் சூப்பில் உப்புப் பார்த்துச் சொல்லப் போனவர் நான்கு கிண்ணம் பார்த்தார். விடியும்போது வலது மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது.

எங்கள் ஊரில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, மகளைக் கொடுத்தேன் என்று சொல்லி, ஓர் உலுக்கு உலுக்க வேண்டும். உலுக்கினால்தான் மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டேன் என்பான். அந்த வாக்கியத்தை அண்ணன் ஒரு மாதமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பேசாம காஜியாரையே சொல்லச் சொல்லுங்க," என்றார் ரொகாயா.

"நான் உயிரோட இருக்கும்போதா?"

மாப்பிள்ளை பதற்றத்தில் கையை இறுகப் பிடித்தான். அண்ணன் வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னார். உலுக்கவில்லை. சபை காத்திருந்தது.

"இழுங்க மாமா," என்று மாப்பிள்ளையே கிசுகிசுத்தான்.

இழுத்தார். "ஐயோ!" என்ற அலறலில் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் பெயரே மறந்துபோயிற்று. சாட்சியாக உட்கார்ந்திருந்த நான் செல்லாது என்று தலையாட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் அதே கதை.

"நீங்களே சொல்லிடுங்க," என்று காஜியாரிடம் முணுமுணுத்துக் கையை விடுவித்துக்கொண்டார் அண்ணன். காஜியார் சொன்னார், உலுக்கினார், முடிந்தது. தன் மகளை இன்னொருவர் கொடுத்ததைப் பார்த்து அண்ணன் அழுதார். பாசம் என்றார்கள் விருந்தினர். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கையை முத்தமிட வந்த விவின், வீக்கத்தைப் பார்த்துவிட்டு நெற்றியை அவர் முழங்காலில் வைத்தாள்.

"எல்லாம் முன்னோர் செஞ்ச வேலைம்மா."

"தெரியும்ப்பா. நாலு கிண்ணம். நானே எண்ணினேன்."

நீங்கள் அப்படியில்லை, வாசகரே. உங்கள் தொப்பை வெறும் உடல்வாகு, அப்பா வழியில் வந்தது. சொல்லுங்கள், நம்புகிறேன்.