மூடி திறக்காத லேப்டாப்பும் வாய் திறக்காத கணவரும்

"பசை போட்டீங்களா?"

இல்லை என்று மனைவியிடம் சொல்ல மருந்துக்கடைக்காரருக்கு ஆசைதான். ஆனால் பசைக் குழாய் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஜையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று மனைவியின் லேப்டாப்பைக் கீழே தள்ளியவர் அவர்தான். மூடியின் ஓரம் பிளந்துகொண்டது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஒட்டிவிடலாம் என்று பார்த்தார். நன்றாகவே ஒட்டியது. இப்போது மூடியைத் திறக்கவே முடியவில்லை.

வீட்டிலிருந்தபடியே அவள் ஆன்லைனில் எடுக்கும் கணக்கு வகுப்பில்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது. திங்கட்கிழமை வகுப்பு. புது லேப்டாப் வாங்க வழியில்லை.

அவள் கத்தவில்லை. செருப்பைத் தேடினாள். அவர் ஒரு கணம் பயந்துவிட்டார். அவள் அதைக் காலில்தான் போட்டாள்.

"கிளம்புங்க. கடையில நீங்க வாயே திறக்கக்கூடாது."

முதல் கடைக்காரர் ஒரு தகட்டை விட்டு நெம்பினார். மூடி திறந்தது. திரை இருட்டாக இருந்தது.

"ஹிஞ்ச் முறிஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

"ஹிஞ்ச்னா?"

மூடியைத் தாங்கும் சின்ன இரும்புக் கீலைக் காட்டினார். அவள் குனிந்து, மணமகனைப் பார்ப்பதுபோல அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது கடைக்காரர் அடிப்பக்கத்தையே கழற்றினார். அவர் கை போன இடமெல்லாம் அவள் கண்ணும் போனது.

"ஸ்கிரீனுக்குப் போற டிஸ்ப்ளே கேபிள் கழண்டிருக்கு. ஆனா ஸ்கிரீனையே மாத்தணும்."

அவர் சொன்ன விலையைக் கேட்டு அவள் பேரத்துக்கு மூச்சை இழுத்த நேரத்தில், மருந்துக்கடைக்காரருக்குப் பாசம் பொங்கிவிட்டது.

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைங்க. திங்கட்கிழமை இவளுக்கு கிளாஸ் இருக்கு."

"அவசரமா? அப்போ ரேட் வேற."

அவள் லேப்டாப்பை ஒரு கையிலும் கணவரை இன்னொரு கையிலுமாக வெளியே இழுத்து வந்தாள்.

"அவர் அந்த கேபிளைத் தொட்டப்போ ஸ்கிரீன் மினுக்குச்சே, பாத்தீங்களா?"

"இல்லையே."

"நான் பாத்தேன். ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு."

அவருக்கு மெய்சிலிர்த்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளை ஒழுங்காகப் பார்க்கவே இல்லையோ என்று தோன்றியது.

மூன்றாவது கடையில் ஃபேனுக்கு நேராக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் திருப்புளிகள் கிடந்தன. மூலையில் செத்துப்போன லேப்டாப்புகள் குவிந்திருந்தன.

"ஹிஞ்ச் முறிஞ்சிருக்கு. டிஸ்ப்ளே கேபிள் கழண்டிருக்கு. ஸ்கிரீனை மாத்தணும்ங்கிற பேச்சே வரக்கூடாது" என்று அவள் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள்.

பெரியவர் மலங்க மலங்க விழித்தார். "அம்மா, நான் வந்து..."

"விலையை அப்புறம் பேசலாம். முதல்ல கழட்டுங்க."

"அதில்லம்மா..."

"முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தக் குவியல்ல இதே மாடல் ஒண்ணு கிடக்கு பாருங்க. அதோட ஹிஞ்சை எடுத்து இதுல போடுங்க."

அந்தக் குரலுக்குக் கணக்குத் தெரியாத பிள்ளைகளே அடங்குவார்கள். பெரியவர் எம்மாத்திரம்? திருப்புளியை எடுத்தார்.

"முதல்ல பேட்டரி வயரைப் பிடுங்குங்க. அந்தத் திருகு இல்லை, பக்கத்துல. கேபிளை வளைக்காம நேரா அழுத்துங்க."

பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது. மருந்துக்கடைக்காரர் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி, சொன்ன சொல் மாறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"சாரும் இந்த லைன்லதானா?" என்று பெரியவர் மெல்லக் கேட்டார்.

"இல்லை. இவர் பசை லைன்."

கடைசித் திருகை முடுக்கியதும் அவள் பட்டனை அழுத்தினாள். திரை பளிச்சென்று எரிந்தது. மூடி வழுக்கிக்கொண்டு மூடியது, திறந்தது. பெரியவர் முதல் தடவை சைக்கிள் ஓட்டிவிட்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

"எவ்வளவு தரட்டும்?"

"எனக்கு எதுக்கும்மா..."

"உழைப்புக்குக் கூலி வேண்டாமா?" இரண்டாவது கடைக்காரர் கேட்டதில் கால்வாசியை மேஜைமேல் வைத்தாள். பெரியவர் அந்த நோட்டுகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. ஒரு தொழில்காரரையே ஆட்டிப்படைத்துவிட்டாளே! ஊரையே கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாய் திறக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அப்போது டீ கிளாஸும் கையுமாக ஒருவர் உள்ளே நுழைந்தார். மேஜையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார்.

"என்ன சார், காத்து வாங்க என் சீட்லயே உக்காந்துட்டீங்களா? உங்க பிரிண்டர் நாளைக்குத்தான் ரெடியாகும்னு சொன்னேனே!"