கவனம் அண்ணை படகேறிய நாள்

காலை எட்டே கால். பலெர்மோ துறைமுகத்தில் சிறு படகுகள் கட்டும் பக்கத்துப் படிக்கட்டில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மோட்டார்சைக்கிள் தலைக்கவசம். அதற்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உயிர்காப்பு அங்கிகள். அதற்கும் கீழே முழங்கால்வரை மடித்த காற்சட்டையும் நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு கால்களும். கால்களைக் கண்ட பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. கவனம் அண்ணை.

உலகத்தில் பயப்படக்கூடியவை எத்தனை உண்டோ அத்தனைக்கும் பயந்து முடித்துவிட்டு, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரிக்கும் மனிதர் அவர் ஒருவர்தான். இத்தாலிக்கு வருமுன் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்தியாளனாக இருந்தவன். துணிந்தவர்கள், துணிந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் என்று பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பயத்தை இவ்வளவு ஒழுங்காக, விடுமுறை எடுக்காமல், ஓர் உத்தியோகத்தைப் போலச் செய்தவரைக் கண்டதில்லை.

அவருடைய உண்மைப் பெயர் வதிவிட அனுமதி கொடுக்கும் கெஸ்துராப் பொலிஸ்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் சந்தித்தால் 'வணக்கம்' சொல்லும் இடத்தில் இவர் 'கவனம்' சொல்வார். கதவைத் திறந்தால் கவனம். தேத்தண்ணீர் கொடுத்தால் கவனம். பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஒருவர் லட்டு நீட்டியபோதும், "கவனம், உள்ளுக்கு ஏலக்காய்க் கோது கிடக்கும்" என்றார்.

லிபெர்த்தா பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்காரம்மாவின், வீட்டில் அவருக்குச் சமையல் வேலை. காப்பி வடிக்கும் இரும்புக் கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வெடிக்கக்கூடும் என்று குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கையில் கேடயம்போல் ஒரு சட்டி மூடி. முதல் மாதம் சிஞ்ஞோரா சிரித்தார். மூன்றாவது மாதம் நான் ஒரு வேலையாக அங்கே போனபோது, சிஞ்ஞோராவும் அவருக்குப் பக்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வீட்டு நாய் ஏற்கெனவே பல்கனிக்குப் போய்விட்டிருந்தது.

பல்கனிகளும் அவருக்கு ஆகாது. வியா மக்வேதாவில் நடக்கும்போது நடைபாதையை விட்டிறங்கித் தெருவின் நடுவால்தான் போவார். மேலே நிற்கும் பழைய பல்கனிகள் எந்த நேரமும் விழும் என்பது அவருடைய முடிவு. நடுத்தெருவில் மோட்டார்சைக்கிள்கள் இடிக்கும் என்பதால் ஒரு தலைக்கவசம் வாங்கினார். வண்டி இல்லாத மனிதர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நடந்துபோவதைக் கண்டு கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். ஒரு நாள் பல்கனி ஒன்றிலிருந்து பலகை அகலத்துக்குச் சாந்து பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுவதும் கவனம் அண்ணையைப் பிடிக்க முடியவில்லை. "சொன்னனானே? பாத்தியளே?" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

இத்தனைக்கும் மேல் கடல். பலெர்மோவில் கடலைப் பார்க்காமல் வாழ்வது எளிதல்ல. அவர் வாழ்ந்தார். கடற்கரைவழிப் பேருந்தில் ஏறமாட்டார். அதற்குக் காரணம் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஊரைவிட்டு வரும்போது அவர் கிளாலியில் இரவுப் படகில் ஏறினார். நடுக் கடலேரியில் கடற்படையின் சாம்பல் நிறப் பீரங்கிப் படகு ஒன்று வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவைதான் என்னிடம் அதைச் சொன்னார்.

"படுத்தவை தப்பிச்சினம். எழும்பிப் பாத்தவை ரெண்டு பேர். ஒருத்தன் என்ரை தம்பி."

அவ்வளவுதான். பிறகு என் கையிலிருந்த தேத்தண்ணீரைக் காட்டி, "சூடு, கவனம்" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், பலெர்மோவில் வாழும் வெளிநாட்டவர்களுக்கென்று முதல் தடவையாக ஒரு விளையாட்டு விழா வைத்தார்கள். கானாக்காரர், துனீசியாக்காரர், மொரீஷியஸ்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நாங்கள். உதைபந்தாட்டத்தில் முதல் நாளே தோற்றுவிட்டோம். மிஞ்சியது ஆண்களுக்கான அணிப் படகோட்டம். நான்கு பேர் துடுப்பு வலிக்க வேண்டும், ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும். மன்னாரிலிருந்து வந்த அருளப்பு அணியைச் சேர்த்தான். அவனும் அவன் தம்பியும், செல்வன் என்ற உயரமான பெடியனும், நானும் துடுப்புக்கு. சுக்கானுக்குப் பகேரியாவில் ஒரு மாளிகையைப் பராமரிக்கும் குமார். போட்டிக்கு முதல் நாள், வீட்டுக்காரருக்கு விருந்தாட்கள் வருவதால் தன்னை விடமாட்டார்களாம் என்று குமார் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

அருளப்பு கவனம் அண்ணையைக் கேட்டது பகிடிக்குத்தான்.

"அண்ணை, சும்மா குந்தியிருந்து சுக்கானைப் பிடிச்சால் காணும். வலிக்கிறது நாங்கள்."

"விசரே உனக்கு? கடலுக்கோ? நானோ?" என்றார் அவர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார். "வலிக்கேக்கை நீங்கள் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பியள்?"

"பின்பக்கம்."

"படகு போறது முன்பக்கம்?"

"ஓம்."

"அப்ப முன்னுக்கு என்ன வருகுது எண்டு ஆர் பாக்கிறது?"

"சுக்கான்காரன்தான்."

அவர் முகம் வெளுத்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நான்கு பேர் கடலில் போவது என்பது அவருடைய பயங்களின் தொகுப்பில் அதுவரை இல்லாத ஒன்று. அது அவருக்குள் இறங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"முன்னுக்குப் பாக்க ஆளில்லாமல் பெடியள் போறதோ?" என்றார். "வாறன்."

வருவார் என்று யாரும் நம்பவில்லை. அதனால்தான் அந்தத் தலைக்கவசம் எங்களை அப்படித் திகைக்கவைத்தது.

அவரைப் படகில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அது கனத்த பழைய மீன்பிடிப் படகு. பின்பக்கத்தில், எங்களுக்கு நேரெதிரே உட்கார்ந்து, சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊதல் கேட்டதும் தொடங்கினார்: "கவ-னம்! கவ-னம்!" 'கவ' என்றால் துடுப்பை இறக்கினோம். 'னம்' என்றால் வலித்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் வராத ஒழுங்கு அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. பாதித் தூரத்தில் நாங்கள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். கரையில் எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.

அப்போது மொரீஷியஸ் படகு பக்கத்தில் வந்தது. இடித்துவிடும் என்று கவனம் அண்ணை சுக்கானைத் திருப்பினார். அடுத்து துனீசியப் படகு. இன்னும் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி யாருமே இல்லை.

"இப்ப நல்ல பாதுகாப்பு," என்றார்.

யாரும் இல்லாததற்குக் காரணம், அது போட்டிப் பாதையே அல்ல. நேபிள்ஸ் கப்பல் வரும் வழி அது. பின்னோக்கி உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது வேறொன்று.

கரைப்பக்கமிருந்து சாம்பல் நிறப் படகொன்று புறப்பட்டது. மூக்கை உயர்த்திக்கொண்டு, தண்ணீரை இரண்டாகக் கிழித்தபடி, நேராக எங்களை நோக்கி வந்தது. மேலே சீருடையில் ஒருவர் நின்று ஒலிபெருக்கியில் கத்தினார். எனக்கு இத்தாலி மொழி நன்றாகவே தெரியும். அந்த நேரம் ஒரு சொல்கூட விளங்கவில்லை. இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. துடுப்புகள் நின்றன. அருளப்புவின் தம்பி "அம்மாளே" என்றான். நாங்கள் எந்தக் கடலில் இருக்கிறோம் என்பதை நான் மறந்துவிட்டேன்.

கவனம் அண்ணைக்கு அந்தப் படகு பின்னால் வந்தது. அவர் திரும்பவில்லை. எங்கள் நான்கு முகங்களை மட்டும் பார்த்தார். செல்வன் பலகையிலிருந்து பாதி எழும்பி எட்டிப் பார்த்தான்.

"படுங்கோடா!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. அடுத்த கணம் என் கன்னம் படகின் அடிப்பலகையில் இருந்தது. மீன் கழுவிய தண்ணீரும் டீசலும் மணந்தன. யாருடையதோ முழங்கால் என் முதுகில். கண்ணை இறுக மூடிக்கொண்டு வெடிச்சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

வெடிக்கவில்லை. கொக்கி ஒன்று படகின் விளிம்பில் 'டக்' என்று மாட்டியது. மேலேயிருந்து துறைமுகக் காவல்காரர் ஒருவர், கோபம் தீர்ந்து குழம்பிப்போன குரலில், "தூங்குகிறீர்களா?" என்று இத்தாலி மொழியில் கேட்டார்.

எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார்கள். கானா வென்றது.

பிறகு மாதக்கணக்காக எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம் இதே கதைதான். வியா மக்வேதாவில் நாங்கள் அரிசி வாங்கும் கடையில் குமார்தான் பெரிய நீதவான்.

"எடேய், ஆரடா முதல் படுத்தது? செல்வன்தானே?"

"சும்மா இரும். நான் கடைசி!" என்று செல்வன் பாய்வான்.

"அப்ப அருளப்பு."

"நான் மன்னாரான். கடலைக் கண்டு படுக்கிற ஆளே நான்?"

ஒரு நாள் இது கைகலப்புக்குக் கிட்டப் போனது. மூலையில் பருப்பு மூட்டைகளிலிருந்து தள்ளி, அவை சரியும் என்பதால் பாதுகாப்பான தூரத்தில் நின்ற கவனம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"ஏனப்பா சண்டை? முதல் படுத்தது நான்தான். உங்களுக்குத் தெரியாதே என்னை?"

கடை முழுவதும் சிரித்தது. வழக்கு அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெடியன்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் அடியில் கிடந்தவன். கொக்கி மாட்டிய பிறகு படகில் எங்களைப் பிரித்தெடுத்தபோது நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. என் மேல் அருளப்பு. அருளப்புவின் மேல் அவன் தம்பி. அவன் மேல் செல்வன். எல்லோருக்கும் மேலே, எங்கள் தலைகளின் மேல் இரண்டு கைகளையும் விரித்தபடி, குப்புறக் கிடந்தவர் கவனம் அண்ணை. சீருடைக்காரர் அவரைத்தான் முதலில் தூக்க வேண்டியிருந்தது.