செல்லம்மாளின் மணிக்கட்டு

ஆறாவது வாரம் மறைந்துபோன விரிசல், எட்டாவது வாரம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. டாக்டர் சந்திரமோகன் திரையை முறைத்தார்.

எலும்பு மெலிவு நோயில் முறிந்த எலும்பு எப்படிக் கூடுகிறது என்று வாரக்கணக்கில் படமெடுத்துப் பார்ப்பது அவர் ஆராய்ச்சி. தன்னை விட்டால் தருமபுரி மாவட்டத்தில் எலும்புக்கு நாதியில்லை என்பது அவர் நினைப்பு. பொம்மிடிப் பக்கத்துச் செல்லம்மாளுக்கு வயது அறுபத்திரண்டு, மணிக்கட்டு முறிவு. ஆறாவது வாரப் படத்தில் முறிந்த சுவடே இல்லை. தான் கொடுத்த மருந்தில் முப்பது வயது எலும்பாகிவிட்டது என்று அன்றே சேலம் மாநாட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டார். பேராசிரியர் பதவி அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

"சார், அந்தம்மாவ ஒருவாட்டி நேர்ல பாத்துருங்களேன்" என்றான் படமெடுக்கும் பூவரசன்.

"நான் பாக்கறது எலும்பை. நீ பட்டனை அமுக்கு."

நோயாளியின் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது.

பழியை இயந்திரத்தின் மேல் போட்டு, கம்பெனி ஆளை வரவழைத்துக் கழற்றி மாட்டச் செய்தார். இரண்டு நாள் ஸ்கேன் நின்றது. அரூரிலிருந்தும் மொரப்பூரிலிருந்தும் வந்தவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பினார்கள்.

பத்தாவது வாரம் விரிசலைக் காணோம். சந்தோஷத்தில் குதித்தார். பன்னிரண்டாவது வாரம் மறுபடி வந்துவிட்டது. இனி இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆகவே புதுக் கொள்கை ஒன்று பிறந்தது: தன் மருந்தை விழுங்கினால் விரிசல் மூடும், விட்டால் திறக்கும். வெட்கமில்லாமல் அதற்குத் தன் பெயரையே சூட்டினார். பூவரசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாயைத் திறந்தால் கட்டுரையில் உன் பெயர் இருக்காது என்றதும் மூடிக்கொண்டான்.

மாநாட்டில் எவனும் சந்தேகப்படக் கூடாதென்று, செல்லம்மாளையே பஸ் பிடித்து வரச் சொல்லி மேடையேற்றினார்.

திரையைப் பார்த்தபடியே, "இவங்களுக்கு வயசு அறுபத்திரண்டு" என்று அறிவித்தார். அரங்கம் சிரித்தது. பாராட்டுகிறார்கள் என்று அவரும் சிரித்தார். மாநாட்டுத் தலைவர் மட்டும் சிரிக்காமல், கை எப்படியிருக்கிறது என்று கேட்டு மைக்கை அவளிடம் நீட்டினார்.

"ஒடிஞ்சது எங்க அத்தைக்குங்க. பைக் கெடச்சா அவங்க வருவாங்க. பஸ்ஸுன்னா வாந்தி எடுப்பாங்க, அன்னிக்கு மொறை வுட்டுப் போவக்கூடாதுன்னு நான் வந்து கையக் காட்டிட்டுப் போவேனுங்க."