கல்லில் இல்லாத ஏழு பேர்

கண்டோன்மெண்ட் பக்கம் எழுதி வைத்த எதையும் நிம்மதியாக இருக்க விடாத மனிதர் புள்ளி சார். பெட்டிக்கடைப் பலகை, பல் டாக்டர் போர்டு, ஆட்டோவின் முதுகு எல்லாவற்றையும் நின்று படித்து, பிழை சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். விட்டுப்போன புள்ளிகளை வைத்தே பிழைத்ததால் அந்தப் பெயர்.

பிரேசர் டவுனில் ஒரு பழைய தமிழ் சர்ச்சில் எனக்கு ஆபீஸ் வேலை. எங்கள் மாதப் பத்திரிகையின் புரூஃபோடு அவர் நீலசந்திராவிலிருந்து பஸ்ஸில் வருவார். நெற்றியில் விபூதி, பாக்கெட்டில் சிவப்புப் பேனா, முகத்தில் எந்நேரமும் துக்க வீட்டுக்கு வந்த களை.

ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்களுக்கு வாசலில் பெரிய பேனர் கட்டினோம்: ‘மணந்திரும்புங்கள்.’ புள்ளி சார் அதன் கீழே நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“என்னா மேடம், இருக்கிற பொண்டாட்டி போதாதுன்னு மறுபடி கட்டிக்கச் சொல்றீங்களா?”

நான் விழித்தேன்.

“மூணு சுழி போட்டா கல்யாணம் மேடம். பாவத்துக்கு ரெண்டு சுழிதான்.”

பாஸ்டரே ஸ்டூல் போட்டு ஏறி பேனரை அவிழ்த்தார்.

சர்ச்சுக்குள் ஒரு பளிங்குக் கல் உண்டு. வெள்ளைக்காரர் காலத்து யுத்தத்துக்குப் போய் மடிந்த சிப்பாய்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். கடைசி வரி: ‘மற்றும் உடன் சென்ற வேலையாட்கள்.’ ஒருநாள் புள்ளி சார் அதன் முன்னால் அசையாமல் நின்றார். போச்சு, கல்லிலும் கை வைக்கப் போகிறார் என்று ஓடினேன்.

“தப்பு இருக்கா சார்?”

“எழுத்துல இல்ல மேடம். யாராச்சும் புள்ளைக்கு வேலையாட்கள்னு பேரு வெப்பாங்களா?”

“உங்க முன்னோர் யாராவது போயிருந்தாங்களா?”

“எங்க தாத்தா பக்கத்துல இருக்கிற அடுகோடியத் தாண்டுனதே இல்ல.”

அன்றிலிருந்து வரும்போதெல்லாம் எங்கள் கல்லறையின் அடக்கப் பதிவேட்டைக் கேட்பார். பூச்சி அரித்த அந்தத் தடிப் புத்தகங்களை நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இரண்டு வருடம் தும்மித் தும்மித் தேடினார். யுத்தத்திலிருந்து நோயோடு திரும்பி இங்கே செத்த ஏழு பேர் கிடைத்தார்கள். தண்ணீர் சுமந்தவர், கழுதை ஓட்டியவர், சமையல்காரர், இப்படி. ஏழாவது, துணி வெளுத்த ஆள். பெயரில் ‘ம’வுக்கும் ‘ரி’க்கும் நடுவே பூச்சி அரித்த ஓட்டை.

“அங்க ஒரு கால் இருந்துச்சுன்னா மாரி. இல்லன்னா மரி. ஆம்பளையா பொம்பளையான்னுகூட தெரியல மேடம்” என்றார். அன்று முழுக்க அதற்காகவே வருத்தமாக இருந்தார்.

பெயர்களைக் கல்லில் சேர்க்கச் சொல்லி சர்ச் கமிட்டிக்கு எழுதினார். செயலாளர் அவரைக் கூப்பிட்டு, “நீங்க நம்ம சபையா?” என்றார்.

“இல்லீங்க.”

“அப்ப உங்களுக்கு எதுக்கு இது?”

“அதாங்க எனக்கும் வெளங்கல.”

கடிதம் குப்பைக்குப் போனது.

நவம்பரில் யுத்தத்தில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு. பாஸ்டர் கல்லிலுள்ள பெயர்களை வாசித்தார். எல்லோரும் மௌனமாக நின்றோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. புள்ளி சார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஏழு பேரை வாசித்தார். பயந்துபோன ஆர்கன்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். புள்ளி சார் குரலை உயர்த்தினார். ஆர்கன் அதைவிட உயர்ந்தது. கழுதை ஓட்டியவர் பாதி இசையில் அமுங்கிப் போனார்.

“ஏழாவது மாரி! இல்லன்னா மரி! ஓட்டை விழுந்துடுச்சு, யாரா இருந்தாலும் மன்னிச்சுக்குங்க!”

சில பையன்கள் சிரித்தார்கள். வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்தார். “நடீரி சார், நடீரி” என்று கன்னடத்தில் வெளியே நடக்கச் சொன்னார்.

பக்கத்திலிருந்த கமிட்டிக்காரர் ஒருவர் என்னிடம் குனிந்து, “இந்த ஆளு யாரு?” என்றார். அந்த மாதம்தான் என் வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய இருந்தார்கள்.

“தெரியல சார்” என்றேன்.

என்னைக் கடந்து போகையில் புள்ளி சார் ஒரு நொடி பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் வரவில்லை. புரூஃப் வாட்ஸப்பில் வந்தது. இரண்டு மாதம் கழித்து அச்சகத்துக்காரர் போனில் வேறு எதையோ பேசிவிட்டு, புள்ளி சார் நெஞ்சு வலியில் போய்விட்டதாகச் சொன்னார். காரியமும் முடிந்திருந்தது.

நீலசந்திராவில் வீடு தேடிப் போனேன். ஒற்றை அறை. அவர் மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே, “சர்ச் ஆபீஸ் மேடமா? உள்ள வாம்மா” என்றார்.

“அன்னிக்கு வந்து சாப்பிடவே இல்லம்மா. யாராச்சும் திட்டுனாங்களான்னு கேட்டேன். சேச்சே, அத்தன பேரும் நின்னு கேட்டாங்க, மேடம்தான் தாங்க முடியாம தலையக் குனிஞ்சு அழுதுட்டாங்கன்னாரு.”

நான் மறுத்துப் பேசவில்லை. புள்ளி சார் வீட்டில் வந்து சொன்ன அந்த மேடமாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு இல்லை.